பழைய ப்ராசஸரும் கடைசி வரிசையும்

மார்ச் 3, செவ்வாய்

கணினி மறுபடி நின்றுவிட்டது. நேற்றுக் காலை தொடங்கிய ஒலிக் கணக்கு பாதியில் உறைந்து கிடக்கிறது.

ஒரு பள்ளியின் கலையரங்கம். மேடையில் பேசுவது கடைசி வரிசைக்குக் கேட்பதில்லை. சுவரில் எதை ஒட்டினால், கூரையை எங்கே சாய்த்தால் கேட்கும் என்று நான் சொல்ல வேண்டும். தனியாகத் தொழில் தொடங்கியபின் எனக்கு வந்த முதல் அரங்கம் இது. இதுவரை கூட்ட அறைகளும் பணக்காரர் வீட்டு சினிமா அறைகளும்தான். இருபதாம் தேதிக்குள் அறிக்கை போகாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். யாருக்கு என்றும் தெரியும்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இந்த ப்ராசஸர் நான் ஸ்கூல் படிக்கறப்ப வாங்கினது. எனக்கு வேலையே கிடைச்சாச்சு. மாத்துங்கப்பா."

எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடுகிறது.

மார்ச் 4

கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் குறைவாக இருக்கும். அங்கிள் என்கிறார்.

"புது ப்ராசஸர் உங்க போர்டுல உக்காராது அங்கிள். போர்டு மாத்தணும். போர்டு மாறினா மெமரியும் மாத்தணும். பட்டன் பிஞ்சதுக்குச் சட்டையே மாத்துற மாதிரிதான்."

"வேகம் எத்தனை மடங்கு கூடும்?"

"பறக்கும் அங்கிள்."

நான் படித்த படிப்புக்கு இது ஒரு பதிலா? ஆனாலும் எல்லாவற்றையும் வரவழைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 5

ப்ராசஸர்களை ஒப்பிடும் கட்டுரைகளைப் படித்தே நாள் போயிற்று. எல்லாம் கணினியில் விளையாடுகிறவர்கள் எழுதியவை. சுவரில் மோதித் திரும்பும் ஒலியைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை.

மார்ச் 7, சனி

எப்படி மறந்தேன்? ஒலிக் கணக்குப் போடும் மென்பொருள் இந்தக் கணினிக்கென்றே பூட்டப்பட்டது. போர்டும் ப்ராசஸரும் மாறினால் இது வேறு கணினி என்று நினைத்துத் திறக்க மறுக்கும். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் அனுமதித்தால்தான் திறக்கும்.

அது என் பழைய கூட்டாளி, அந்தப் பெரிய மனுஷன் பெயரில் இருக்கிறது.

கல்லூரியில் ஒரே பெஞ்ச். பிறகு ஒரே அலுவலகம், பலகையில் இருவர் பெயரும். நகர மன்ற அரங்க வேலை வந்தபோது, பால்கனியின் வளைந்த முகப்புச் சுவரைக் கணினியில் வரையும் மாடலில் சேர்க்க வேண்டும் என்றேன். "நேரமில்லடா, விடு" என்றது அவன்தான். கட்டி முடித்தபின் அந்தச் சுவரிலிருந்து எதிரொலி. கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், "மாடல் போட்டவர் அதை விட்டுட்டார்" என்றான்.

மாடல் போட்டவர்! எனக்குப் பேர்கூட இல்லை. அவன்கிட்ட போய் நான் நிக்கணுமா? முடியாது. இந்தப் பெட்டி வெடிச்சாலும் சரி.

மார்ச் 8

மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது. "ஒரு போன்தானே. வாயா தேஞ்சிடும்?" என்றாள்.

"உனக்குப் புரியாது."

"எனக்கா புரியாது? அந்தக் கோபத்துக்கும் சேர்த்து நான்தானே இத்தனை வருஷமா சோறு போடறேன்."

மார்ச் 10

மறுபடி உறைந்தது. மேசைக்கு அடியில் கால் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

மார்ச் 11, புதன்

பேசினேன். என்ன சொல்ல வேண்டும் என்று நாலு விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"சொல்லுடா" என்றான். நேற்றுப் பேசி வைத்தவன் மாதிரி.

உரிமம் என்று ஆரம்பித்ததும், "ஓ, அதுவா? இப்பவே அனுமதி போட்டுடறேன். என்ன ஹால்?"

சொன்னேன். தனக்கு வராமல் போயிற்றே என்று குரலில் ஏதாவது இருக்கிறதா என்று கூர்ந்து கேட்டேன். இல்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு கணக்கு ஓட எவ்வளவு நேரமாகுது?"

"ரெண்டு நாள். நடுவுல நின்னுடுது."

"ஒரு ஸ்கூல் ஹாலுக்கா? நாளைக்கு வர்றேன்" என்றான். வராதே என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

மார்ச் 12

வந்தான். தலை முழுக்க நரைத்திருக்கிறது. "வாங்கண்ணா" என்று மனைவி மலர்ந்ததைப் பார்த்தால் அவன்தான் இந்த வீட்டுக்காரன் என்று தோன்றும்.

என் நாற்காலியில் உட்கார்ந்து மாடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்னடா இது? ஒவ்வொரு நாற்காலிக்கும் கால் வரைஞ்சிருக்க. கைப்பிடியில திருகாணி வேற."

"இருக்கிறதை வரைஞ்சிருக்கேன்."

"சத்தத்துக்கு அந்தத் திருகாணி கண்ணுக்கே தெரியாதுடா. வரிசைக்கு ஒரு பெட்டி போட்டாப் போதும். இது உனக்குத் தெரியாதா? எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானே."

"தெரியும். நாளைக்கு எவனாவது விட்டுட்டான்னு சொல்லக்கூடாதில்ல."

அவன் திரும்பவில்லை. நாற்காலிகளை ஒவ்வொரு வரிசையாக அழித்துப் பெட்டிகளாக்கினான். இந்த அரங்கின் பால்கனி முகப்புச் சுவரை மட்டும் தொடவில்லை. கணக்கை ஓடவிட்டு, இவள் சாப்பிடக் கூப்பிட்டாள் என்று கை கழுவப் போனான். அவன் திரும்புவதற்குள் முடிந்திருந்தது.

இதே ப்ராசஸரில்.

மார்ச் 13

நம்பவில்லை. மேடையை ஒட்டிய வரிசைகளுக்கு மட்டும் என் பழைய மாடல் முன்பே ஓடி முடிந்திருந்தது. அதோடு ஒப்பிட்டேன். இம்மி வித்தியாசமில்லை.

கோபம் கோபமாக வருகிறது. ப்ராசஸர் மேல் இல்லை. வேறு யார் மேல் என்று எழுதப்போவதில்லை.

மார்ச் 19

அறிக்கை போய்விட்டது. எல்லாம் வந்துவிட்டது என்று கடைக்காரர் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். "ஏன் அங்கிள், வேற கடையா?" வேறு கடையில்லை, பழையதே ஓடுகிறது என்றேன். அவர் நம்பவில்லை. தூசியாவது தட்டித் தருகிறேன் என்றார். சரி என்றேன்.

ஆகஸ்ட் 22, சனி

அரங்க வேலை முடிந்தது. பார்க்க வரச் சொன்னார்கள். அவனும் வருகிறேன் என்றான். நான் தடுக்கவில்லை.

சுவரிலும் கூரையிலும் பலகைகளெல்லாம் நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன சாய்வில் இருந்தன. தலைமையாசிரியையும் நானும் கடைசி வரிசையில் போய் நின்றோம். அவன் மேடை ஏறினான். மைக் இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுவான், வழக்கமாக அதுதான் செய்வோம்.

எண்ணவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற குரலில் சொன்னான்:

"நகர மன்றத்துல அந்தச் சுவரை விடச் சொன்னது நான்தான்டா. கூட்டத்துல பயந்துட்டேன்."

ஓர் எழுத்துகூட வழியில் சிந்தாமல் வந்து சேர்ந்தது.

"கேட்டுச்சா?"

"கேக்கலை" என்று கத்தினேன். "இன்னொரு தடவை சொல்லு."

"எனக்கு நல்லாக் கேட்டுச்சே சார்" என்றார் தலைமையாசிரியை.

பேசாமல் இருங்கள் என்று அவருக்குக் கையைக் காட்டினேன். மேடையில் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.