முடுக்காமல் விட்ட யூ போல்ட்

வாயில் வெற்றிலைச் சிவப்போடு போய்ச் சேர்ந்த என் மச்சான் காதருக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. ஒரே பட்டறையில் இருபது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு என்னத்தை எழுதுவது? இப்போது எழுதுகிறேன். இதைப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். நான் சொல்லப்போவது உனக்கு மட்டும் சொன்னால் தீருகிற விஷயம் இல்லை, காரைக்குடியில் நம்மைத் தெரிந்தவர்களும் படிக்க வேண்டும்.

முதலில் சேதி. நேமத்தான்பட்டி மீனாட்சி ஆச்சியின் ஜீப் திரும்பவும் நம்மிடம் வந்திருக்கிறது. பட்டாளத்தில் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தார்களே, அதே ஜீப்தான். பெட்ரோல் விற்கிற விலைக்குக் கட்டாது என்று ஆச்சியின் வீட்டுக்காரர் செட்டியார் டீசல் எஞ்சின் மாற்றிவிட்டார். தெருமுனையில் திரும்பும்போதே ஒரு வால்வு அடிக்கிறது எனக்குக் கேட்டுவிட்டது. அது கிடக்கட்டும். புது எஞ்சின் கனத்தில் வண்டியின் மூக்கு தரையைப் பார்க்கிறது, கனம் தாங்குகிற முன் கமான் பட்டையைப் பலப்படுத்த வேண்டும். டிரைவர் இறங்கியதும் முதல் வார்த்தையாக என்ன கேட்டான் தெரியுமா?

"காதர் பாய் இல்லீகளா?"

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. அவன் உன் அடக்கத்துக்கு வந்தவன். பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, உன்மேல்தான் வந்தது.

ஆமாம், எனக்கு உன்மேல் பொறாமை. எப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. பட்டறைப் பலகையில் இரண்டு பேர் பெயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று பெயிண்டர் பக்கத்தில் நின்று எழுதவைத்தவன் நான். ஊர் அதைக் 'காதர் பட்டறை' என்றே படித்தது. என் வீட்டுக்காரி மீன் குழம்பு வைத்தால் தலை உனக்கு, வால் எனக்கு. உன்னை எடுத்த அன்று பள்ளிவாசல் தெரு கொள்ளாத கூட்டம். அழுதுகொண்டே, நமக்கு இதில் பாதியாவது வருமா என்று மனசுக்குள் கணித்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் நினைக்கிற நினைப்பா அது?

இந்தக் காய்ச்சல் முற்றியது அந்த ஜீப்பால்தான். ரோடு போட்ட கோயிலுக்குப் போவதை ஆச்சி ஒரு யாத்திரையாகவே மதிப்பதில்லை. காட்டாறு, கண்மாய்க் கரை, மலையடிவாரத்துப் பாறைத் தடம் என்று பத்து நாள் சுற்ற வேண்டும். அரிசி மூட்டை, பித்தளை அண்டா, ஸ்டவ், கூடாரம், தண்ணீர் டிரம், சமையல்காரர், எல்லாம் ஜீப்பில் ஏறும். ஏறினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். கமானைக் கெட்டியாக்கித் தரச் சொல்லிச் செட்டியார் வந்த நேரம் நீ ஊரில் இல்லை. எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? புதுவயல் ரைஸ்மில் லாரியில் கழித்த தடித்த பட்டைகளை வாங்கி, பின்னால் பக்கத்துக்கு ஐந்து சேர்த்துப் போட்டேன்.

கனத்தைத் தாங்கியது, இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி குதித்தது. ஊறுகாய் ஜாடி மூன்றும் உடைந்து, ஆச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார்.

நீ வந்து பார்த்தாய். என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். மூன்று பட்டைகளைக் கழற்றி ஓரம் வைத்தாய். மிச்சம் இரண்டையும் உலையில் காய்ச்சி, ஒன்றைவிட ஒன்று குட்டையாக வெட்டி, வளைவு கொடுத்து, இடையில் கிராபைட் கிரீஸ் தடவிக் கட்டினாய். நீளமான ஷாக் அப்சர்பர் எங்கேயோ தேடிக்கொண்டு வந்தாய். பிறகு செட்டியாரிடம், "சும்மா நிக்கிற வண்டிக்கா கமான் போடுறோம்? கொண்டுபோற சாமான் பூராத்தையும் ஏத்தச் சொல்லுங்க, அப்பறம் பாப்போம்" என்றாய்.

ஏற்றிய வண்டியின் மூலையை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, ஒன்றரை ஆட்டத்தில் அடங்குகிறதா என்று பார்ப்பாய். அச்சுக்கும் மேலே இருக்கிற ரப்பருக்கும் நடுவில் உன் நாலு விரல் போக வேண்டும். கடைசியாக, வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை விரலில் தொட்டு, கமானை அச்சோடு சேர்த்து இறுக்குகிற யூ போல்ட் நட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும் ஒரு கோடு இழுப்பாய். நட்டு திரும்பினால் கோடு முறிந்துவிடும்.

ஆச்சி வீட்டில் பரஸ்தானம் பார்ப்பார்கள். கிளம்பும் நாளுக்கு முன்பே நல்ல நேரம் பார்த்துச் சாமானை வாசல் தாண்டி வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். மற்றவர்கள் ஒரு பையைப் பக்கத்து வீட்டில் வைப்பார்கள். ஆச்சி ஜீப்பையே வெளியே நிறுத்தி மொத்தத்தையும் ஏற்றிவிடுவார். ஏற்றியதை இறக்கக் கூடாது. அப்படி மூன்று நாள் கனத்தோடு நின்றால் புதுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக உட்கார்ந்து, யூ போல்ட் லேசாகத் தளர்ந்துவிடும். உனக்கு அதில் சந்தோஷம். மூன்றாம் நாள் போய் ஒரு தரம் முடுக்கிவிட்டால் பத்து நாளைக்கும் கவலையில்லை என்பாய்.

அந்த மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல்.

"மாப்ள, நீ போயிட்டு வந்துரு. எட்டு போல்ட்டு, பதினாறு நட்டு. அரைச் சுத்து முடுக்கு, போதும்."

சைக்கிளில் போனேன். முகப்பில் நின்ற செட்டியார், "காதர் வரலையா? அவரு கைபட்டாத்தானப்பா நமக்குத் திருப்தி. சரி, நீ சும்மா ஒரு பார்வ பாத்துட்டுப் போ" என்றார். ஆச்சி ஒரு தூக்குவாளியை நீட்டி, "கந்தரப்பமும் பணியாரமும் இருக்கு. காச்சல்ல கெடக்காரு, காதர்ட்டக் குடுத்துரு" என்றார். எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஆளில்லை.

பையிலிருந்து ஸ்பானரை நான் எடுக்கவேயில்லை மச்சான். சும்மா ஒரு பார்வை பார்க்கச் சொன்னார், பார்த்தேன். "எல்லாம் சரியா இருக்கு ஆச்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்தப் பணியாரம் முழுவதையும் நானே தின்றேன். உன்னிடம் வந்து "முடுக்கிட்டேன்" என்றேன்.

பயணத்தின் நாலாம் நாள் காட்டாற்று மணலில் பின் இடது யூ போல்ட் கழன்று, பட்டைகளைக் கோத்திருந்த நடு போல்ட் அறுந்து, அச்சு விலகி வண்டி சாய்ந்தது. ஆச்சிக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது. தகவல் வந்ததும் காய்ச்சலோடு நீ லாரி ஏறிப் போனாய். சரி செய்து கொடுத்துவிட்டுச் செட்டியாரிடம், "தப்பு என்னுதுங்க, நான் கட்டுனது சரியில்ல" என்றாயாம். செட்டியார் அத்தோடு வண்டியை வேறு பட்டறைக்கு விட்டார். போகிற வருகிறவர்களிடமெல்லாம் உன் வேலை சரியில்லை என்று சொன்னார்.

ஒரு வாரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு இல்லை. ஆனால் அந்த ஒரு வாரம் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ கிளறவில்லை, நானும் சொல்லவில்லை. நீ இருந்த ஐந்து வருஷமும் உன் வெற்றிலைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன்.

அந்தப் பட்டறையில் கமான் வேலை சரிப்படாமல்தான் ஜீப் திரும்ப நம்மிடம் வந்தது. இப்போது முன் கமானுக்குப் பக்கத்துக்கு ஒரு பட்டைதான் சேர்த்தேன். பேராசைப்படவில்லை. உன் கை பெரிய கை, உன் நாலு விரல் எனக்கு ஐந்து விரல். அந்த அளவுக்கு நீ இருக்கும்போதே திருட்டுத்தனமாக ஒரு கட்டை வெட்டி வைத்திருந்தேன், அதை வைத்துத்தான் பார்த்தேன். நான் வெற்றிலை போடாதவன். சுண்ணாம்பைக் கடையில் வாங்கினேன்.

வியாழக்கிழமை பரஸ்தானம். மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை போனேன். வண்டிக்கு அடியில் படுத்து எட்டு யூ போல்ட்டையும் முடுக்கினேன். செட்டியார் குனிந்து, "பின்னால எடது பக்கத்த நல்லாப் பாருப்பா. காதர் கோட்டை விட்ட எடம் அது" என்றார்.

வெளியே வந்து எழுந்து நின்றேன். "காதர் கோட்டை விடலைங்க. அன்னைக்கு முடுக்க வந்தவன் நான். முடுக்காமப் போனதும் நான்தான்" என்றேன்.

செட்டியார் முகம் கறுத்துவிட்டது. "ஆறு வருஷமா அந்த மனுசன் பேர நான் கெடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். நீயும் கேட்டுக்கிட்டு நின்னுருக்க" என்றார்.

ஆச்சிதான் குறுக்கே வந்தார். "எனக்கு அது அன்னைக்கே தெரியும். என்னைய ஏத்திப் போக இவுக வண்டி மாடு தேடிப் போயிருந்தாக, நான் பாறையில ஒக்காந்துருந்தேன். காதர் வண்டிக்கு அடியில போயி வந்து, மத்தச் சக்கரத்துல சுண்ணாம்புக் கோடு முறியாம இருக்குறதக் காட்டுனாரு. 'முடுக்கியிருந்தா இந்தக் கோடு முறிஞ்சிருக்கும். சேது முடுக்கல ஆச்சி. அவுகட்ட மட்டும் சொல்லிராதீக. விசயம் வெளிய வந்தா அவன் பட்டறைய விட்டுப் போயிருவான்' அப்டின்னாரு."

"போகட்டுமேன்னு விட வேண்டியதுதான?" என்றார் செட்டியார்.

"நானும் அதத்தான் கேட்டேன். கை வலி உசுரு போகுதுல்ல? அதுக்கு அந்த மனுசன், 'அவனுக்கு இருக்குற காது எனக்கு இல்ல ஆச்சி. வண்டி தெரு திரும்பயில எந்த வால்வு அடிக்குதுன்னு சொல்லுவான். நானும் எத்தன வருசமா கெடந்து பாக்குறேன், எனக்கு வாய்க்கல. அவனப் பாத்தாலே எனக்கு வயித்தெரிச்சல்' அப்டின்னாரு. அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு."

மச்சான், இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன? உனக்கும் என்மேல் வயிற்றெரிச்சல் என்று தெரிந்திருந்தால், நான் எவ்வளவு நிம்மதியாக உன்மேல் பொறாமைப்பட்டிருப்பேன்! அதை ஆச்சியிடம் சொல்ல வாய் வந்ததே, எதிரே உட்கார்ந்திருந்த என்னிடம் வரவில்லையா? நான் செய்த தப்பைக்கூட எனக்கு விடாமல் நீயே எடுத்துக்கொண்டாய். அதிலும் நீதான் முந்தி. இதற்கு மேல் நான் உன்மேல் எப்படிப் பொறாமைப்படாமல் இருப்பது?

கிளம்பும்போது ஆச்சி அந்த வளைந்த மணிக்கட்டோடு ஒரு தூக்குவாளியை நீட்டினார். உன் வீட்டுக்காரி மரியத்துக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கச் சொன்னார். வேப்பமரம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. நான் சைக்கிளை நிறுத்தவில்லை. உன் வீட்டில் கொண்டுபோய் மூடி திறக்காமல் கொடுத்தேன். அங்கே மரியம் ஒரு தட்டு வைத்துக் கொடுத்ததைத்தான் தின்றேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த ஜீப் ஓடுகிறவரை, மூன்றாம் நாள் யார் என்னை என்ன சொன்னாலும், ஸ்பானர் பையை விட்டு வெளியே வரும். காதர் பாய் இல்லையா என்று எவன் கேட்டாலும், அவர் சுண்ணாம்பு இருக்கிறது, வண்டியை விடு என்பேன். கோபம் வரும், வராது என்று பொய் சொல்ல மாட்டேன்.

உன்னைப் பார்த்துப் பார்த்தே எரிந்த,
உன் மாப்ள,
சேது