ஜான்சியின் முழங்காலும் கட்கியின் வாயும்

கட்கி, புனே
பிப்ரவரி 24, செவ்வாய்

அன்பு மகள் ஜான்சிக்கு அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே நடமாட்டமாக இருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை ஏறாமல் நிற்கிறது, எனக்கு இடுப்பு வலி வழக்கம்போல மாவு அரைக்கும் நாளில் மட்டும். உன் சுகத்தைத்தான் கேட்க வேண்டும், கேட்டால் நல்லாருக்கேம்மா என்று ஒரே வார்த்தையில் முடித்து அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லுகிறாய். பெரிய போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, பட்டன் போனில் புதனுக்குப் புதன் ஐந்து நிமிஷம் பேசினால், வேலைக்குப் போன கௌகாத்தியில் நீ சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதற்கு மேல் என்ன கேட்க முடியும். அதனால்தான் இந்தக் கடிதம். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். பாதியில் மடித்து வைத்துவிடாதே, முக்கியமானதை நான் பின்னால்தான் எழுதப் போகிறேன், முதலில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

ரக்பியை விட்டுவிட்டேன் என்று ஊர் பார்க்கப் போனில் நீ மூன்றே வரி எழுதிப் போட்டாய், அன்றைக்குத் திறந்த வாயைக் கட்கியில் ஒருவரும் இன்னும் மூடவில்லை. பத்து வருஷம் நீ ஓடிய ஓட்டமெல்லாம் எங்கே போனதோ, எல்லாருக்கும் நவம்பரில் நடந்த இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிஷம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. பாதி மைதானத்திலிருந்து பந்தோடு ஓடினாள், பிடிக்க ஆளில்லை, கோட்டுக்கு ஐந்தடி இருக்கும்போது முழங்கால் மடங்கி விழுந்தாள், பந்து உருண்டது, எதிரணிக்காரி எடுத்துக்கொண்டு ஓடிக் கோப்பையைக் கொண்டுபோய்விட்டாள், இதுதான் இப்போது உன் சரித்திரம். ஸ்டேஷன் வாசல் வடாபாவ் வண்டியில் இதே பேச்சு, அப்பா முடி வெட்டப் போன இடத்தில் இதே பேச்சு. அப்பாவுக்குக் காது மந்தம், கொடுத்து வைத்தவர், தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார், எனக்குத்தான் எல்லாம் கேட்டுத் தொலைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் ஒருவர், சிஸ்டர் உங்க பொண்ணு ஒரு வருஷம் முன்னாடியே நிறுத்தியிருந்தா மரியாதையா இருந்திருக்கும் என்கிறார். அந்த மனிதர் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடி நான் பார்த்ததில்லை. ஒரு கூட்டம் கட்கியில பொறந்த சிங்கம் என்று உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது, இன்னொரு கூட்டம் கோப்பையை நீயே விற்றுத் தின்றதுபோலப் பேசுகிறது, ஆனால் இந்த இரண்டு கூட்டத்திலும் ஒரு ஆளாவது அந்தப் பெண்ணுக்கு இப்போது முழங்கால் எப்படி இருக்கிறது, படி ஏற முடிகிறதா என்று என்னைக் கேட்டதில்லை, பக்கத்து வீட்டுப் பட்டு அக்காவைத் தவிர.

இதில் மேதாவிகள் கண்டுபிடித்தது என்னவென்றால், பக்கத்தில் ஓடி வந்த வைஷுவுக்கு நீ பந்தைப் போட்டிருக்க வேண்டுமாம். எனக்கு அப்படியே ரத்தம் கொதித்தது. அந்த வீடியோவை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள், வைஷு உனக்கு இரண்டு எட்டு முன்னால் ஓடுகிறாள், முன்னால் இருப்பவளுக்குப் பந்தைப் போட்டால் விசில் அடித்துவிடுவார்கள், ரக்பியில் பந்தைப் பின்பக்கம்தான் போட வேண்டும். இட்லி மாவு விற்கிற எனக்கு இது தெரிகிறது, பத்து வருஷமாக மைதானத்துச் சுவரில் உட்கார்ந்து கால் ஆட்டியவர்களுக்குத் தெரியவில்லை. பின் தெரு ஜெயந்த் இருக்கிறானே, கோயம்புத்தூர்ப் பையன், ஹடப்சரில் ஐ.டி. வேலை, உன் ஆட்டத்துக்கெல்லாம் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வந்து கத்துவானே, அவன் உன்னைப் பற்றி யூடியூபில் நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறான். ஜான்சி நல்ல பிளேயர்தான், ஆனா காயத்தை மறைச்சுட்டு எறங்கினது சுயநலம், கோச்சையே ஏமாத்தியிருக்கா, அதை மறந்துட்டு அவளைக் கொண்டாட முடியாது என்கிறான். அடுத்த நாள் கூச்சமில்லாமல் மாவு வாங்க வந்து நிற்கிறான். தீந்துபோச்சு தம்பி என்றேன். அவன் கண்ணுக்கு நேரே இரண்டு டப்பா இருந்தது, அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன், பையை மடித்துக்கொண்டு போய்விட்டான்.

ஆனால் காயத்தை மறைச்சா, ஏமாத்தினா என்ற அந்த இரண்டு வார்த்தை என்னை விடவில்லை ஜான்சி. வடாபாவ் வண்டிக்காரனோடு சண்டை போட்டேன், சர்ச்சுக்காரரோடு சண்டை போட்டேன், இந்த வார்த்தைக்கு மட்டும் நான் சண்டைக்குப் போகவில்லை. அடுப்படியில் வந்து நின்று பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன், அப்பாவுக்கே கேட்டுவிட்டது, என்ன என்றார், ஒன்றுமில்லை என்றேன்.

போன ஞாயிறு சாயங்காலம் கிளப்பில் கூட்டம் போட்டார்கள். விளையாட்டை விட்டவர்களின் ஜெர்ஸியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தத் தகரக் கொட்டகைச் சுவரில் மாட்டுகிற பழக்கம் உனக்குத் தெரியுமே, இத்தனை வருஷத்தில் மூன்றே பேருடையதுதான் தொங்குகிறது, மூன்றும் ஆண்பிள்ளைகள். உன் பதினோராம் நம்பரை மாட்டலாமா வேண்டாமா என்று பேச முப்பது பேர் கூடினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போய்ப் பின்னால் நின்றேன். கையில் ஒரு துணிப்பை. மாட்ட வேண்டும் என்று பாதிப் பேர் கத்த, கூடாது என்று பாதிப் பேர் கத்த, இந்தியும் மராட்டியும் கலந்து ஒரே சந்தை இரைச்சல். ஜெயந்த் எழுந்து பழையபடி சுயநலம் என்றான். அப்போது கோச் காம்ப்ளே சார் மெதுவாகச் சொன்னார், ஜூன் மாதம் மூன்று வாரம் பயிற்சிக்கு வரவில்லை, கேட்டதற்கு ஊரில் கல்யாணம் என்று பதில் வந்தது, இறுதி ஆட்டம் முடிந்த பிறகு காலில் இருப்பது பழைய காயம் என்று டாக்டர் சொன்னார், டிரெஸ்ஸிங் ரூமில் அத்தனை பேர் முன்னால் அவளைக் கேட்டேன், பொய் சொன்னாயா என்று, ஆமாம் சார், நான்தான் பொய் சொன்னேன் என்றாள், அதற்குமேல் நான் என்ன பேச முடியும் என்றார்.

நீ அப்படிச் சொன்னாய் என்று எனக்கு அதுவரை தெரியாது. நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை இந்த ஊர் முழுக்க உன்னைப் பொய்க்காரி என்கிறது, நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. யாருக்காக என்று கிளப்பில் யாருக்குத் தெரியும். கல்யாணம் என்று சொன்னது உன் வாய் இல்லை. ஜூனில் முழங்கால் பிசகியதும் ஸ்கேனுக்கு டோக்கன் போட்டிருந்தது நீ. அதைக் கேன்சல் பண்ணச் சொல்லி, எலும்பு கட்டுகிற வைத்தியர் இருக்கும்போது ஸ்கேன் எதுக்கு என்று உன்னைக் காட்பாடிக்கு ரயில் ஏற்றிக் குடியாத்தம் பக்கம் கூட்டிப் போனது நான். பன்னிரண்டு வயசில் என் மணிக்கட்டு உடைந்தபோது கட்டுப் போட்டுச் சரிசெய்த வீடு அது, இன்றைக்கும் அந்தக் கையால்தான் மாவு அரைக்கிறேன், அந்த ஒரு திமிர் எனக்கு. உன் காலில் எலும்பு உடையவே இல்லை, உள்ளே நரம்பு மாதிரி ஒன்று அறுந்திருக்கிறது, எலும்பைக் கட்டுகிறவர் அதை என்ன செய்வார் பாவம், அவரும் எலும்பு நல்லாருக்கும்மா என்று உண்மையைத்தான் சொன்னார், அதை நான் கால் நல்லாயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பூச உளுந்தை நானே அரைத்துக் கொடுத்தேன். அந்தச் சமயத்தில் காம்ப்ளே சார் போன் செய்தபோது நீ எடுக்கப் போனாய், நான் பிடுங்கி, கல்யாணம் சார், மூணு வாரம் ஆகும் என்றேன். டாக்டர் என்றால் ஆறு மாதம் உட்கார் என்று எழுதுவார், அணியில் பெயர் போய்விடும், நவம்பரில் நீ ஆடுவதை டி.வி.யில் பார்க்க வாருங்கள் என்று நான் பட்டு அக்காவிலிருந்து பால்காரர்வரை சொல்லி வைத்திருந்தேன். நீ கட்டுப் பிரித்த அன்றைக்கு என்ன சொன்னாய் என்று எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. அம்மா, கால் உள்ள வழுக்குதும்மா என்றாய். புதுசா கட்டுப் பிரிச்சா அப்படித்தான் இருக்கும், நட சரியாயிடும் என்றேன்.

அதனால் எழுந்துவிட்டேன். என் இந்தி எப்படி என்று உனக்குத் தெரியும், ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு ஆண் போட்டுத்தான் பேசுவேன், யாரும் சிரிக்கவில்லை. கல்யாணம் என்று சொன்னது என் குரல் சார், நன்றாக நினைத்துப் பாருங்கள் என்றேன். பையிலிருந்த மூங்கில் தப்பைகளை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன், உன் காலில் வைத்துக் கட்டியது, பரண் மேல் பத்திரப்படுத்தியிருந்தேன், எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. காட்பாடி டிக்கெட்டையும் வைத்தேன், தேதி போட்டிருக்கிறது. அவ ஸ்கேன் எடுக்கணும்னு சொன்னா, நான் விடலை, திட்டணும்னா என்னைத் திட்டுங்க என்றேன். ஜெயந்தைப் பார்த்து, அவ சுயநலக்காரி இல்லை தம்பி, அம்மா பேரு கெடக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கா என்று தமிழிலேயே சொன்னேன். அவன் தலை நிமிரவில்லை. காம்ப்ளே சார் அந்தத் தப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை தூக்கி ஓட்டு எடுப்பதாக இருந்தது, யாரும் எடுக்கவில்லை, ஒவ்வொருவராகக் கலைந்து போய்விட்டார்கள். வைஷு மட்டும் என்னோடு வீட்டு வாசல்வரை நடந்து வந்தாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதே, இந்த ஊருக்குப் பேச ஏதாவது வேண்டும். இப்போது விவாதம் என்னைப் பற்றி. ஒரு இந்தியா பிளேயரை அம்மாவே முடக்கிட்டா என்று வடாபாவ் வண்டியில் ஒரு கட்சி, மகளைக் காப்பாற்ற அம்மா கதை கட்டுகிறாள் என்று இன்னொரு கட்சி, தப்பையைக் காட்டிய பிறகும். ஜெயந்த் பழைய வீடியோவை எடுத்துவிட்டான் என்று பட்டு அக்கா சொன்னார், எடுத்தால் சரி, மாவு கொடுப்பதைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை. முடக்கிட்டா என்கிறவர்கள் சொல்வது நிஜம், அதற்கு நான் கோபப்படவில்லை. கதை கட்டுகிறேன் என்கிறார்களே, அவர்களைத்தான் சும்மா விடுவதாக இல்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் காதருகே உட்கார்ந்து சொன்னேன். கொழந்த சொன்னப்போ கேட்டிருக்கலாம் எஸ்தர் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேற்றுக் காலை காம்ப்ளே சார் வீட்டுக்கு வந்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜெர்ஸியைக் கேட்டார், மாட்டப் போகிறோம் என்றார். உன் பெட்டியில் மேலாகத்தான் இருக்கிறது, எடுத்துக் கொடுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கொடுக்கவில்லை. அது அவள் சமாச்சாரம் சார், அவளைக் கேளுங்கள், முதலில் அந்த டிரெஸ்ஸிங் ரூமில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றார், உன் பட்டன் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர் கூப்பிட்டால் எடு. ஜெர்ஸி கொடுக்கப் பிடித்தால் கொடு, பிடிக்காவிட்டால் அது பெட்டியிலேயே இருக்கட்டும், உன் இஷ்டத்துக்கு மேல் ஒரு வார்த்தை நான் சொல்ல மாட்டேன், உன் கால் விஷயத்தில் இஷ்டத்துக்குச் சொன்னது போதும்.

மன்னித்துவிடு என்று எழுதலாம், எழுதினால் நீ பரவாயில்லம்மா என்று சொல்லிவிடுவாய், அது எனக்கு வேண்டாம். பரவாயில்லை என்று சொல்லாதே. மார்ச் பன்னிரண்டு ஆபரேஷனுக்கு நானும் அப்பாவும் டிக்கெட் எடுத்திருக்கிறோம், பத்தாம் தேதி வந்து சேருவோம். வராதே என்று தோன்றினால் புதன்கிழமை அப்பாவிடம் சொல்லிவிடு, அவர் மட்டும் வருவார், நான் இங்கே ஜெபித்துக்கொண்டிருப்பேன். வரச் சொன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காருவேன், டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டுவேன், மறுகேள்வி கேட்க மாட்டேன். நவம்பரில் எடுத்த ஸ்கேன் பிலிமை மறக்காமல் கையோடு எடுத்துப் போ. மழைத் தரையில் ஊன்றுகோல் இல்லாமல் நடக்காதே. இட்லிப்பொடியும் முறுக்கும் உன் சாம்பல் சால்வையும் கட்டி வைத்திருக்கிறேன். அந்த வைத்தியர் கொடுத்த எண்ணெய் புட்டியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன், அப்பா அப்படியும் நம்பாமல் என் பையை இரண்டு முறை சோதித்துப் பார்த்துவிட்டார். கர்த்தர் உனக்கு நல்ல கால் கொடுத்துத்தான் அனுப்பினார், அதைத் திரும்பக் கொடுப்பார், நீ ஓடாவிட்டாலும் நிமிர்ந்து நடப்பாய், நூறு வயசு நன்றாயிரு கண்ணு.

கால் வழுக்குதும்மா என்று நீ சொன்னபோது கேட்காத
உன் அம்மா,
எஸ்தர்