உண்டியலில் நார்வே காசு

லாங்கலாண்ட்
14 ஜூன் 2004

நார்வே காசு போடும் அன்பருக்கு,

காற்றில் பறந்துவிடாமல் முட்டைத் தட்டுக்கு அடியில் இதைச் செருகி வைக்கிறேன். உங்கள் கண்ணில் படும் என்று நம்புகிறேன்.

ஆளில்லாத என் ரோட்டோரக் கடையில் விடாமல் உருளைக்கிழங்கு வாங்குகிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கொஞ்ச நாளாக உண்டியலைத் திறந்தால் நார்வே காசு கிடக்கிறது. உங்கள் குரோனிலும் நடுவில் ஓட்டை, எங்கள் டென்மார்க் குரோனிலும் ஓட்டை. இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருப்பதால் வந்த குழப்பம் என்றுதான் நான் நினைக்கிறேன். என் தம்பி ஹோல்கருக்கு அப்படித் தோன்றவில்லை. "ஆளில்லாத கடைன்னா இப்படித்தான். நாளைக்கு சட்டை பட்டனைப் போடுவாங்க, அதையும் எடுத்து பத்திரமா வச்சுக்கோ" என்கிறான். கடையையே மூடு என்று நச்சரிக்கிறான். திருட வருகிறவர் எந்த நாட்டுக் காசையும் போடமாட்டார் என்று சொல்லி அவன் வாயை அடைத்திருக்கிறேன்.

பார்த்துப் போடுங்கள். பறவை இருந்தால் அது உங்கள் ஊர்க் காசு. எங்கள் காசில் பொடியாக ஓர் இதயம் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் கிடைக்கும்.

இப்படிக்கு,
கடைக்காரி பிர்த்தே


17 ஜூன்

அன்புள்ள பிர்த்தே அவர்களுக்கு,

வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள். போட்டது நான்தான். பழைய மாதாகோவில் தாண்டி இருக்கும் மஞ்சள் வீட்டில் இருக்கிறேன். என் பெயர் தூரித்.

என் கணவர் வில்லி இந்தத் தீவில் பிறந்தவர். முப்பது வருடம் என்னோடு நார்வேயில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் ஊர் ஆசை வந்து ஜனவரியில் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏப்ரலில் போய்விட்டார். கடை கண்ணிக்குப் போவதெல்லாம் அவர் வேலையாக இருந்தது. அவருடைய பர்ஸில் இரண்டு நாட்டுக் காசும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. எனக்கு எதுவும் பிடிபடவில்லை. கூட்டுறவுக் கடையில் காசை உள்ளங்கையில் பரப்பி நீட்டுவேன், கல்லாவில் இருக்கும் லோனே தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வாள். நல்ல பெண்தான். ஆனாலும் பின்னால் வரிசை நிற்கும்போது, இந்த வயதில் கையை விரித்துக்கொண்டு நிற்பது எனக்கு அழுகையாக வரும். உங்கள் கடையில் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. அதனால்தான் தினமும் உருளைக்கிழங்கு தின்கிறேன்.

ரொம்ப நாள் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. என் தங்கை ஓசே நார்வேயின் வடக்கே தன் வீட்டுக்குக் கீழேயே எனக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறாள். அக்டோபர் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே இருப்பதற்கு எனக்கும் காரணம் எதுவும் தெரியவில்லை.

சரியான காசு இதோடு வைத்திருக்கிறேன். சரிதானா என்று பாருங்கள்.

தூரித்


20 ஜூன்

அன்புள்ள தூரித்,

ஒன்றைத் தவிர எல்லாம் சரி. அந்த ஒன்றைத் திருப்பி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

வில்லியின் மனைவியா நீங்கள்? சாவுக்கு நானும் வந்திருந்தேன். கடைசி வரிசையில் நின்று உங்கள் முதுகைப் பார்த்துவிட்டு, காபிக்குக்கூட நிற்காமல் ஓடிவந்துவிட்டேன். கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. ஆளில்லாத கடை போட்டதே ஆட்களைப் பார்க்க வேண்டாம் என்றுதான். ஹோல்கரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்று பேர். அவன் பேசுவதெல்லாம் திட்டுவதற்கு மட்டும்.

பள்ளியில் வில்லி எனக்கு இரண்டு வகுப்பு மேலே. எங்கள் வாத்தியார் கோட்டுப் பையில் ஹெர்ரிங் மீனைப் போட்டுவிட்டு, வகுப்பு முழுக்க முகத்தைப் பால் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? வாத்தியார் மத்தியானம் வரை தன்னையே முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இனிப் பாடம். இரண்டு குரோன் காசின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள்: விட்டு விட்டுச் சொரசொரக்கும். ஐந்து குரோன் முழுக்கச் சொரசொரக்கும், ஒரு குரோன் வழவழவென்று இருக்கும். பையில் கையை விட்டே எடுத்துவிடலாம், யாருக்கு முன்னாலும் விரித்துக் காட்ட வேண்டாம். பத்தும் இருபதும் தங்க நிறம், அவற்றில் ஓட்டை கிடையாது. சிவப்புச் சில்லறையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எங்களுக்கே அதன் மேல் மரியாதை இல்லை.

ஸ்ட்ராபெரி பழுத்துவிட்டது. ஒரு டப்பா உங்களுக்கென்று தனியாக வைத்திருக்கிறேன். அதற்குக் காசு போட்டால் கோபம் வரும்.

பிர்த்தே


3 ஆகஸ்ட்

அன்புள்ள பிர்த்தே,

ஹெர்ரிங் மீன் கதையை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். சமையலறையில் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுதேன், அது வேறு. ஏப்ரலுக்குப் பிறகு என்னிடம் யாரும் வில்லி என்ற பெயரைச் சொல்வதில்லை. எனக்கு வலிக்கும் என்று எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசுகிறார்கள். நீங்கள் சர்வசாதாரணமாக எழுதிவிட்டீர்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

நீங்கள் அடுத்தடுத்து எழுதிய அவருடைய மற்ற சேட்டைகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்தப் படகுக் கதையை மட்டும் நான் நம்பவில்லை.

உண்டியலில் மறுபடியும் நார்வே குரோன் ஒன்று விழுந்திருக்கும். கண் சரியில்லை போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
தூரித்


26 செப்டம்பர்

அன்புள்ள தூரித்,

கண் சரியில்லையா? நேற்று நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கூட்டுறவுக் கடைக்குப் போனேன். அந்த நார்வே அம்மாவுக்குக் காசு எடுத்துக் கொடுக்க இன்னும் சிரமமா என்று லோனேவிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அவங்களா? ஜூலையிலேருந்தே நான் விலையைச் சொல்றதுக்குள்ள கரெக்டா காசை எடுத்து வச்சிடுறாங்க. எனக்கு முன்னாடி அவங்க கூட்டிடுறாங்க" என்றாள்.

ஆக, ஊரெல்லாம் டென்மார்க் காசு, என் உண்டியலுக்கு மட்டும் நார்வே காசு. தவறாமல் வாரம் ஒன்று. பிடித்துவிட்டேன் உங்களை.

கோபம் இல்லை. நீங்கள் ஏன் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சரியான காசு விழுந்தால் நான் எழுத ஒரு சாக்கு இருக்காதே. சந்தேகம் இருந்தும் இத்தனை நாள் நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் எனக்கும் அந்தச் சாக்கு வேண்டியிருந்தது. சாயங்காலம் உண்டியலைக் கவிழ்க்கும்போது அந்தப் பறவை வந்திருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். இந்தக் கோடை நன்றாகக் கழிந்தது உங்களால்தான். ஹோல்கர்கூட "என்ன, பாட்டெல்லாம் பாடுற?" என்று கேட்டுவிட்டான்.

ஆப்பிள் தீர்ந்ததும் கடையை மூட வேண்டும். வழக்கமாக அக்டோபர் நடுவில் உண்டியலையும் பலகையையும் கொட்டகைக்குள் போட்டுவிடுவேன். உங்கள் தங்கைக்கும் அந்த மாதக் கடைசிக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் வியாழக்கிழமைகளில் மூன்று மணிக்கு நான் காபி போடுகிறேன். ஹோல்கர் அப்போது தூங்குவான். கடையிலிருந்து மண்பாதையில் வந்தால் பச்சைக் கதவு.

இதை எழுதிவிட்டு எனக்கே படபடப்பாக இருக்கிறது. வராவிட்டாலும் தப்பாக நினைக்கமாட்டேன்.

பிர்த்தே


21 அக்டோபர், வியாழன்

அன்புள்ள பிர்த்தே,

மூன்று வியாழக்கிழமை தயங்கிவிட்டேன். இரண்டு தடவை மண்பாதையில் பாதி வரை வந்து திரும்பிப் போனேன். எழுத்தில் பார்க்கிற தூரித் தைரியசாலி. நேரில் வருகிறவள் அப்படி இல்லை. என் வடக்கத்திப் பேச்சும் உங்களுக்குப் பாதி புரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஓசே போன் செய்தாள். வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடு, கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறேன் என்று சொன்னேன். அவளுக்குக் கோபம்.

"அங்க உனக்குன்னு யார் இருக்கா?" என்று கேட்டாள்.

"பிர்த்தே இருக்கா" என்றேன்.

"யாரு அது? எப்படி இருப்பா?"

"தெரியாது. இன்னும் பார்த்ததில்ல."

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். எனக்கோ சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது. வில்லிக்குப் பிறகு இந்தத் தீவில் நான் காலூன்றி நிற்கிறேன் என்றால் அது உங்கள் புண்ணியம்.

இன்று கேக் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு வருகிறேன். இந்தக் கடிதத்தைக் கையிலேயே வைத்திருப்பேன். நீங்கள் கதவைத் திறக்கும்போது எனக்குப் பேச்சு வந்துவிட்டால் இதைக் காட்டமாட்டேன். வாய் அடைத்துப்போனால் நீட்டிவிடுவேன்.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் எதிரில் நிற்பது நான்தான், பிர்த்தே. உள்ளே கூப்பிடுங்கள். வெளியே குளிர்கிறது.

தூரித்