லென்ஸ் மேல வச்ச சந்தனப் பொட்டு

கச்சிராயபாளையம்
29.1.2026, வியாழக்கிழமை

அன்புள்ள பாப்பா தனுஷாவுக்கு,

அப்பா எழுதுறது. நானும் உங்கம்மாவும் இங்க கை கால் சுகத்தோட இருக்கோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிர்ல காதுக்குத் துணி கட்டிக்கினு, வேளைக்கு சாப்பிட்டுக்கினு, ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்னு தெனமும் வேண்டிக்கிறோம். கரும்புக்கு இன்னும் மில்லுல இருந்து வெட்டுற ஆர்டர் வரல, பூ எடுத்து நிக்குது, பார்க்க அழகா இருக்கு, எடை போயிடும், அதான் வயித்தெரிச்சல். உங்கம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் கம்மி, ஆனா கம்மினு சொன்னா வேலை ஜாஸ்தி வரும்னு நொண்டிக்கினே நடக்கிறா. சங்கராபுரத்துல இருந்து உங்க அத்தை பொங்கலுக்கு வந்து நாலு நாள் இருந்துட்டுப் போச்சு, உன்னப் பத்தியே பேச்சு, ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பார்த்துட்டு அந்தப் புள்ள எப்பதான் தூங்குதுன்னு கேட்டுது. நீ தூக்கத்த கெடுத்துக்காத. அங்க வெயிலே இல்லன்ற, மீன் எண்ணெய் மாத்திரை எதனா இருந்தா வாங்கி சாப்பிடு.

இதெல்லாம் போன்ல சொல்ற சமாச்சாரந்தான், இதுக்கு இன்னாத்துக்கு நாலு பக்கம் கடுதாசின்னு நீ நெனப்ப. வாயால சொல்ல முடியல பாப்பா, அதான். போன ஞாயித்துக்கிழமை நீ கூப்பிட்டியே, கேமராவையும் லென்ஸையும் விக்கப் போறேன், சனிக்கிழமை விளம்பரம் போடறேன்னு. அதுல எழுதினத எனக்குப் படிச்சும் காட்டின. லென்ஸோட முன் கண்ணாடியில கீறல் இருக்கு, என்னோட அஜாக்கிரதையால வந்ததுன்னு எழுதியிருக்கேன், மறைச்சு விக்கக் கூடாதுல்லப்பான்னு கேட்ட. எனக்கு இதெல்லாம் ஒத்து வராதுப்பா, ஒரு பொருள ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவளுக்கு மலையும் மேகமும் படம் புடிக்கிறது இன்னாத்துக்குன்னு சொல்லி சிரிச்ச. நான் ம்னு சொன்னேன். ம்னு மட்டும் சொல்லிட்டு போன உங்கம்மா கையில குடுத்துட்டு கொல்லைப் பக்கம் போயி மோட்டார் கொட்டாய் கிட்ட நின்னுக்கினு இருந்தேன். அந்தக் கீறல் நீ போட்டது இல்ல பாப்பா. நான் போட்டது. எழுதிட்டேன், இனிமே அழிக்க மாட்டேன்.

மொதல்ல இருந்து சொல்றேன், நடுவுல விட்டா நான் எங்கயாவது எனக்கு சாதகமா வளைச்சிடுவேன். ரெண்டு வருஷம் முன்னாடி நீ மொத தடவ காசு சேர்த்து வச்சு லென்ஸ் வாங்கப் போறேன்னு என்னக் கேட்ட இல்ல, பதினாறு முப்பத்தஞ்சு எம்.எம். எடுக்கட்டுமா, பதினாலு இருபத்துநாலு எடுக்கட்டுமான்னு. உனக்கு அந்தப் பதினாறு முப்பத்தஞ்சுதான் புடிச்சிருந்துது. இலேசா இருக்கு, மலை ஏறத் தோதா இருக்கும், முன்னாடி தட்டையா இருக்கறதால ஃபில்டர் திருகலாம், அருவியில தண்ணி வெள்ளைத் துணி மாதிரி வர இருட்டுக் கண்ணாடி போடலாம், முப்பத்தஞ்சுக்குப் போனா தூரத்து மலையும் கொஞ்சம் கிட்ட வரும்னு எல்லாம் யோசிச்சு வச்சிருந்த. நான் இன்னா பண்ணேன்? முப்பது வருஷம் கள்ளக்குறிச்சியில ஸ்டுடியோ வச்சவன் கிட்டயே பாடம் எடுக்கிறியான்னு எகிறினேன். பதினாலுதான் அகலம், லென்ஸ் ஓட்டை ரெண்டு பாயிண்ட் எட்டுக்குத் தொறந்தாதான் வெளிச்சம், நாலோட நிக்கிற லென்ஸெல்லாம் ஏமாத்து வேலைன்னேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கல்யாண மண்டபம். டியூப் லைட் வெளிச்சத்துல அம்பது பேர ஒரே படத்துல அடைக்கிற வேலை. அந்த புத்தியோட மலைக்கு லென்ஸ் சொன்னேன். ஸ்டாண்டு போட்டு, ஓட்டைய சுருக்கி எட்டுலயோ பதினொண்ணுலயோ வச்சு எடுக்கிறவளுக்கு ரெண்டு பாயிண்ட் எட்டு எதுக்கு? நீ எதிர்த்துப் பேசல. அப்பா சொல்றாருன்னு அந்த முன்னாடி முட்டைக் கண்ணு மாதிரி பிதுங்கிக்கினு இருக்கிற கனத்த லென்ஸ வாங்கின. அதுல ஃபில்டர் திருக முடியாது. இத ஞாபகம் வச்சுக்கோ.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு நீ லீவுல வந்திருந்த. பூஜை அன்னிக்கு அத்தைய பார்க்க சங்கராபுரம் போயிட்டு ராத்திரி லேட்டா வந்து படுத்துட்ட. நான் வழக்கம் போல ஸ்டுடியோவுல இருந்து கொண்டாந்த பழைய கேமராவெல்லாம் தொடைச்சு மேசை மேல வரிசையா வச்சேன். அப்பதான் உன் பை கண்ணுல பட்டுது. கேக்காம எடுத்தேன். எம் பொண்ணு கேமரா, அதுதான் நடுவுல இருக்கணும்னு ஒரு பெருமை. முப்பது வருஷமா எல்லா லென்ஸுக்கும் கண்ணாடி மேலயே சந்தனப் பொட்டு வச்சு, அதுமேல குங்குமம் வைக்கிறது என் பழக்கம். உனக்குத் தெரியும். முன்னாடி ஒரு சாதா ஃபில்டர் திருகியிருக்கும், மறுநாள் கழட்டிக் கழுவினா போச்சு. அந்தக் கை பாட்டுக்குப் போயி உன் லென்ஸ் மேலயும் கட்டை விரலால சந்தனத்த அழுத்திடுச்சு. அதுல ஃபில்டர் இல்லன்னு தெரியாதவன் இல்ல நான், தெரிஞ்சும் அந்த நேரத்துல தோணல. பூஜையில வச்சத அன்னிக்கு எடுக்கக் கூடாதுன்னு ராத்திரி பூரா அப்படியே விட்டேன். காலையில காஞ்சு கல்லாட்டம் ஒட்டிக்கினு இருந்துது. தண்ணி தொட்டு ஊற வைக்காம, நீ எழுந்து வந்துடுவியேன்ற அவசரத்துல காஞ்ச துண்டால தேய்ச்சேன். வட்டம் வட்டமா கீறல். அதோட விட்டேனா, இல்ல. போன்ல எவனோ ஒருத்தன் பல் பேஸ்ட் போட்டா கீறல் போகும்னு காட்டினான்னு குழாயடியில குந்திக்கினு பஞ்சுல பேஸ்ட் வச்சு தேய்ச்சேன். மேல இருந்த பூச்சும் போயி நடுவுல புகை படிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. மூடிய போட்டு பையில வச்சுட்டேன். உங்கம்மா பார்த்துட்டா. புள்ள கிட்ட சொல்லிடுங்கன்னா. உன் வேலையப் பாருன்னேன்.

நீ அதத் தூக்கிக்கினு மலைக்குப் போயிட்ட. வெள்ளிமலையில நமக்குப் பழக்கமான மலைக்காரர் வேடியப்பன் வூட்டுல தங்கி, அவர் பைக்லயே நாலு நாள் கரியாலூர், பெரியார் அருவி, மேகம் அருவின்னு விடியக்காலம் எழுந்து எழுந்து எடுத்த. சூரியன் எதிர்ல வந்த படம் எல்லாத்துலயும் நடுவுல பால் ஊத்தின மாதிரி ஒரு வெள்ளை. சின்ன ஸ்கிரீன்ல பார்க்கிறப்ப பனின்னு நெனச்சிட்டேன்னு சொன்ன. வூட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துட்டு நீ மொதப் படத்துக்கே திரும்பத் திரும்பப் போயி பார்த்துக்கினு இருந்தது இன்னும் என் கண்ணுல நிக்குது. அங்க உங்க ஊரு ஹால்ல பத்து படம் மாட்டறதுக்கு உனக்கு எடம் குடுத்திருந்தாங்க, அதுக்காகவே வந்த. லென்ஸ்ல கீறல் இருக்குப்பான்னு கொண்டாந்து நீட்டின. அப்பயாவது சொல்லியிருக்கலாம். வாய் எப்படித்தான் வந்துதோ, வேடியப்பன் அந்த மேட்டு ரோட்டுல பைய ஆட்டிக்கினு ஓட்டியிருப்பான், மலைக்காரனுக்கு இன்னா தெரியும் லென்ஸோட அருமைன்னு சொல்லிட்டேன். மலைக்காரர்னா எதைச் சொன்னாலும் ஒட்டிக்கும்னு ஒரு நெனப்பு எனக்குள்ள இருந்திருக்கு பாப்பா. அத எழுதறப்ப கூசுது. நீ உடனே, அவர் மேல சொல்லாதீங்கப்பா, ஒரு தடவ மூடி போடாம பாறை மேல வச்சேன், என் தப்புதான்னு ஏத்துக்கினு, என் கிட்டயே சாரிப்பான்னு சொன்ன. நீங்க ஆசையா சொல்லி வாங்கின லென்ஸ் கெடுத்துட்டேன்னு சொன்ன. நான் உன் தலையில தட்டி, பரவால்ல வுடுன்னேன். மன்னிக்கிறவன் மாதிரி. அந்தக் கையத்தான் வெட்டிக்கணும்.

நாலு மாசம் ஓட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை நீ பேசினதுக்கு அப்பால உங்கம்மா என்னோட பேச்ச நிறுத்திட்டா. சோறு போடறா, தட்ட தள்றா, அவ்ளோதான். நேத்து மட்டும் வாயத் தொறந்து, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமான்னா. முந்தாநாள் நான் பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போனது அவளுக்குத் தெரியாது. உன்ன விட முன்னாடி வேடியப்பன் கிட்ட சொல்லிடலாம், அது சுலபம்னு நெனச்சுதான் போனேன். அவர் மரவள்ளிக் கொல்லையில இருந்தாரு. வந்து தண்ணி குடுத்தாரு. நான் எல்லாத்தையும் சொல்லி, உங்க பேர இழுத்துட்டேங்க, தப்புதாங்கன்னு நின்னேன். அவர் மண்வெட்டிய ஓரமா சாய்ச்சு வச்சாரு. அப்பால சொன்னாரு, தெரியும், ஊருக்குப் போறதுக்கு மொத நாள் உங்க பொண்ணு வந்துது, எங்கப்பா உங்க மேல ஒரு வார்த்தை சொல்லிட்டாரு, அவருக்காக நான் மன்னிப்பு கேக்கறேன்னு சொல்லிட்டு, ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போச்சுன்னாரு. அன்னிக்கு கள்ளக்குறிச்சியில துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனியே, இதுக்குத்தானா பாப்பா? நீ சொல்லவே இல்லியே. பஸ்ஸுல எறங்கி வர்ற வழி பூரா எனக்கு வெளிய பார்க்க முடியல, கண்ணு மறைச்சுக்கினே இருந்துது, பக்கத்து சீட்டுக்காரர் தலை சுத்தலான்னு எலுமிச்சம்பழம் குடுத்தாரு.

இப்ப லென்ஸ் சமாச்சாரம். கேமராவ விக்காத. அந்தக் கனத்த லென்ஸ வேணா தள்ளி வுடு. புதுசா எடுக்கிறதுன்னா நீ மொதல்ல சொன்னதுதான் சரி, பதினாறு முப்பத்தஞ்சு. நம்ம மலை ஒண்ணும் வானத்துக்கு நிக்கிற மலை இல்ல, நீட்டிப் படுத்துக்கினு இருக்கிற மலை. பதினாலுல வச்சா முன்னாடி இருக்கிற பாறை பூதமா வந்து, மலை எறும்புப் புத்தாட்டம் ஆயிடுது. உன் படத்தையெல்லாம் மறுபடியும் எடுத்துப் பார்த்தப்பதான் எனக்கே அது புரிஞ்சுது. நீ இத ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்ன. நான் சொன்னேன்றதுக்காக இதையும் வாங்காத, கடையில மாட்டிப் பாரு, ஓரம் மங்குதான்னு பாரு, உன் தோளுக்கு கனம் ஒத்துக்குதான்னு பாரு. முடிவ நீ எடு. என்னக் கேக்காத, கேட்டாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்.

இத தபால்ல போட்டா வந்து சேர நாளாகும், அதுக்குள்ள சனிக்கிழமை வந்துடும். அதனால பக்கம் பக்கமா போட்டோ புடிச்சு வாட்ஸப்ல அனுப்பிட்டு, அப்பால ஒரிஜினல தபால்ல போடறேன். உனக்கு எல்லா நல்லதும் நடக்கும், குலதெய்வம் கூட நிக்கும், எங்க ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னா, இத எழுதறேன்னு தெரிஞ்சதும் காபி போட்டுக் குடுத்தா. மறக்காத ஒண்ணு மட்டும்: விக்கிறதும் வைக்கிறதும் உன் இஷ்டம், ஆனா விளம்பரத்துல உன் அஜாக்கிரதைன்னு எழுதாத. எங்கப்பா பண்ணது, பண்ணிட்டு பொய் சொன்னாருன்னு எழுது. வாங்குறவன் யாரோ எவனோ, அவனுக்குத் தெரியறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத் தெரிய நாலு மாசம் ஆச்சே, அதான்.

அன்புள்ள அப்பான்னு போட இன்னிக்குக் கை வரல பாப்பா.

இப்படிக்கு,
அப்பா
பூமாலை