தண்டவாளம் போன பலகை

ஆவணி, ஞாயிறு இரவு.

பழைய ராஜபாளையம் ஸ்டேஷனை நானும், ஞாயிறுதோறும் பஸ்ஸில் வரும் என் சிநேகிதன் சுப்பையாவும் என் வீட்டில் ஒரு பலகையில் சின்னதாகச் செய்துவந்தோம். பொம்மை ரயிலும் தண்டவாளமும் அவனுடையவை. சிக்னல், கேட், மரமெல்லாம் என் கைவேலை. இன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவன் மகன் வந்து, ரயிலையும் தண்டவாளத்தையும் கழற்றிப் பையில் போட்டான்.

"அப்பாவுக்கு இனி பஸ் ஏற ஏலாது மாமா. எம்புள்ள வெளையாடட்டும்."

"சுப்பையா சொன்னானா?"

"அவியகிட்ட இன்னும் சொல்லல. பொறவு சொல்லிக்கிடுதேன்."

சின்னப் பிள்ளைக்கு என்றதால் விட்டுக்கொடுத்தேன். பேண்டேஜ் துணிக் கழிவைக் கஞ்சியில் முக்கிச் செய்த வேப்பமரங்கள், நடுவில் பாதையில்லாமல் எதிரெதிரே நின்றன.

சாயங்காலம் சுப்பையாவே போன் செய்தான்.

"ஏலே, மரத்துக்குப் பச்சை அடிச்சிட்டியா? நான் இல்லாம ரயிலை ஓட்டிப் பாத்திராத."

"ஓட்டல."

"சத்தியமா?"

"சத்தியமாத்தாம்லே."

"கால் கொஞ்சம் தேவல. அடுத்த ஞாயிறு எப்படியும் வாரேன், பாத்துக்கோ."

வா என்று சொல்லிவிட்டேன். அதற்குள் மகன் உண்மையைச் சொல்லிவிட்டால் அவன் எதற்கு இங்கே வருவான்?