நாலு தடவை வச்ச உரம்

என் வாயாடி மகளுக்கு அப்பன் எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமா இருக்கணும், இங்க என் முழங்காலைத் தவிர எல்லாம் சொன்ன பேச்சு கேக்குது. எழுத்துப் பிழை இருந்தா சிரிச்சுக்க, அஞ்சாங்கிளாசுக்கு மேல வாத்தியார் என்னைத் தாங்கல.

உங்க அம்மா பின்பக்கம் பன்னெண்டு தக்காளிச் செடி வச்சா. என் தோள் ஒசரம் வந்துச்சு, இலை கரும்பச்சையா அப்பிக்கிட்டு நிக்குது, பூ மட்டும் இல்ல. நான் சும்மா இருப்பனா, பொண்ணு மாதிரியே வாய்தான் வளந்திருக்குன்னு கிண்டல் பண்ணேன். அப்புறம் இலை ஓரமெல்லாம் தீஞ்சு போச்சு. ஒரு கிளையை ஒடிச்சு உரக்கடைக்காரர்கிட்ட காட்டினேன், ஏன் பெரியவரே செடிக்குச் சோறு போட்டீங்களா பந்தி வச்சீங்களான்னு கேட்டார், யூரியா மிஞ்சினா இலைதான் வரும் பூ வராது, இன்னும் வச்சா வேரே வெந்துடும்னார். எனக்குக் கோவம். பதினஞ்சு நாளைக்கு ஒரு ஸ்பூன், தண்டை விட்டு ஒரு சாண் தள்ளி, இதுல அவ கையா தப்பும்? மறுநாள் காலையில ஜன்னல்ல நின்னு பாத்தேன். உரம் வச்சா, தண்ணி ஊத்தினா, கை கழுவிட்டு வந்து காப்பி குடிச்சா, ஐயோ இன்னைக்கு உரம் வைக்கிற நாளுன்னு டப்பாவைத் தூக்கிட்டு மறுபடி போனா. மத்தியானத்துக்குள்ள நாலு தடவை தாயி. வாசல்ல மறிச்சு நீ இப்பதானே வச்சேன்னு நான் சொன்னதுக்கு, பொய் சொல்லிச் சீண்டுறதே உங்களுக்குப் பொழப்புன்னுட்டா. ஆயுசு பூரா விளையாட்டுக்குப் பொய் சொன்னேன், நெசம் சொன்ன அன்னைக்கு அவ நம்பல.

அப்புறம்தான் அவ பிரஷர் மாத்திரையைப் பாத்தேன், ஒரு மாசத்துக்கு வாங்கினது பத்து நாள்ல காலி. போன வாரம் அவ குளியலறையில மயங்கி விழுந்தா, அதுவும் மாத்திரை மிஞ்சினதாலதான். டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பாத்துட்டு, இந்த மறதி இனி கூடுமே தவிர குறையாதுன்னுட்டார். மாத்திரை இப்ப என் மடியில இருக்கு. உர டப்பாவுல ஜவ்வரிசி கொட்டி வச்சிருக்கேன், செடி செடியா வச்சுட்டு வர்றா, எறும்புக்குத்தான் கொண்டாட்டம்.

அடுத்த வருச லீவெல்லாம் வேண்டாம், இப்பவே வா. இன்னும் உன்னைப் பேர் சொல்லித்தான் கேக்குறா. போன்ல ஒரே கேள்வியை நாலு வாட்டி கேட்டா நாலு வாட்டியும் புதுசா பதில் சொல்லு. நூறு வருசம் நல்லா இரு, பேத்திக்கு என் முத்தம், டிக்கெட் போட்டதும் மறக்காம எனக்குச் சொல்லு. இதையெல்லாம் உனக்கு எழுதவே கூடாதுன்னு உங்க அம்மா ஆஸ்பத்திரி வாசல்ல என் கையைத் தன் தலையில வச்சுச் சத்தியம் வாங்கினா. வீடு வந்து சேர்றதுக்குள்ள அவ அதை மறந்துட்டா, எனக்குத்தான் மறக்க மாட்டேங்குது.

இப்படிக்கு,
சத்தியத்தை மீறின உன் அப்பன்