அந்தப் புத்தகம் அலுமாரியில்தான் இருக்கும்

வேலணை
கார்த்திகை மாதம்

அன்பு மகள் பிரியவதனிக்கு,

நானும் அப்பாவும் நலமாய்த்தான் இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாய் இருக்க நயினை அம்மாளை நேர்ந்துகொண்டே எழுதத் தொடங்குகிறேன். மழை தொடங்கியதும் அப்பாவுக்கு முழங்கால் நோ திரும்ப வந்துவிட்டது, எண்ணெய் பூசச் சொன்னால் பிறகு பார்ப்போம் என்கிறார். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய், போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசம்தானே அம்மா, அந்த ஒரு புத்தகத்தை எடுத்துப்போட்டு நிம்மதியாய் இருங்கோ என்றாய். என் பொறுப்பில் இருக்கிற பள்ளிக்கூட நூலகத்துக்கு அந்தக் கதைப் புத்தகப் பெட்டியை அனுப்பியவளே நீ. நடக்க முடியாத பையன், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பெருநாளுக்கு உடுப்பு வாங்கப் போகிற முஸ்லிம் பிள்ளை, நீர்கொழும்பில் வலை இழுக்கிற சிங்களப் பெடியன் என்று எத்தனையோ பேர் அதற்குள் இருந்து வந்தார்கள், ஊரில் ஒருவரும் குறை சொல்லவில்லை. தெருக்கூட்டுகிறவளின் மகளுடைய கதைக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம். அம்மாவோடு ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போகிறது அந்தப் பிள்ளை, இரண்டு பேருக்கும் புறம்பாய் வைத்த பேணியில் தண்ணீர் கொடுக்கிறார்கள், வீட்டுக்காரர் குடிக்கிற பேணியைத் தொட விடுவதில்லை, அவ்வளவுதான் கதை. வாசித்துக் காட்டிவிட்டு நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. தரம் நான்கில் படிக்கிற நிலாந்தி வீட்டுக்குப் போய், எங்கடை வீட்டிலையும் ஏன் அப்பிடி ஒரு பேணி இருக்கு என்று கேட்டுவிட்டாள். அவளுடைய அப்பா தில்லைநாதன் பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர், மறுநாள் பிரார்த்தனை முடிய முன்னமே வந்து நின்றார். படிப்பை மட்டும் சொல்லிக் குடுங்கோ ரீச்சர், எங்கடை வீட்டு வழமையளைக் கிண்டாதேங்கோ, இல்லாட்டில் உங்களை நெடுந்தீவுக்கு மாத்துவிப்பன் என்றார். மாத்துங்கோ அண்ணை, அங்கையும் வாசிக்கிற பிள்ளையள் இருக்கினம் என்றேன். பக்கத்து நயினாதீவுக்குப் போகிற வள்ளத்திலேயே தலைசுற்றிச் சத்தி எடுக்கிறவள் நான், நெடுந்தீவோ அதைவிடத் தூரக் கடல், வாய்க்கு மட்டும் குறைவில்லை.

அதிபர் பாவம், இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். வியாழக்கிழமை சங்கக் கூட்டம் வைத்து, புத்தகத்தை நீக்கித் தாருங்கள் என்றார்கள். நூலகப் பதிவேட்டை எல்லோருக்கும் முன்னால் விரித்து வைத்தேன். நீக்குவதென்றால் காரணம் எழுதி நான் கையெழுத்து வைக்கவேண்டும், கிழிந்தது, கறையான் அரித்தது, தொலைந்தது என்று எழுதலாம், இதுக்கு என்னத்தை எழுத, ஒரு பிள்ளை கேள்வி கேட்டது எண்டு எழுதட்டோ என்று கேட்டேன். மேலிடத்துக்கு எழுதுவோம் என்று எழும்பிப் போனார்கள், எழுதட்டும்.

நான் ஏன் இப்படி விடாப்பிடியாய் நிற்கிறேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். உனக்கு ஏழு வயதிருக்கும், வளவு கூட்ட வருகிற பரிமளத்துக்கு ஏன் குசினிக்கு வெளியே ஆணியில் ஒரு தகரப் பேணி என்று கேட்டாய். நான் உன் வாயிலேயே அடித்தேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு அந்தக் கதையை வாசித்த அன்றும் அதே ஆணியில் அதே பேணிதான், வெட்கமாய் இருக்கிறது பிள்ளை. கூட்டம் முடிந்து வந்ததும் அதைக் கழற்றி எறிந்தேன். அடுத்த நாள் பரிமளத்தைக் குசினிக்குள் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, நாங்கள் குடிக்கிற பேணியில் தேத்தண்ணி கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாளும் இதை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள் ரீச்சர் என்று கேட்டாள்.

நிலாந்தி நேற்றும் வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டாள், அவள் பெயரிலேயே பதிந்து கொடுத்தேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ அம்மாள் அருள் புரியட்டும். காலுறை போடாமல் பனிக்குள் இறங்காதே. புத்தகத்தை எடுத்துவிடு என்று மட்டும் இனி எனக்குச் சொல்லாதே. ஏழு வயதில் கேட்டதைத் திரும்பக் கேள், இந்த முறை அடிக்கமாட்டேன்.

உன் அம்மா
நாகபூசணி